ஐரிஷ் பூர்வீகமும் ஆறாத காயங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மா வழிக் குடும்பம் திருச்சி பொன்மலை ரயில்வே காலனியைச் சேர்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம். 'நீங்க இங்கிலீஷ்காரங்க வம்சமா?' என்று யாராவது கேட்டால் தாத்தாவுக்கு முகம் சிவந்துவிடும். 'ஐரிஷ்' என்று அழுத்தித் திருத்துவார். கம்பெனிப் படையில் சிப்பாயாக மதறாஸ் வந்த ஒரு பாட்டனாரிடமிருந்து தொடங்குகிறது எங்கள் கதை. இந்தத் தேடலில் நான் இறங்கிய பிறகு உறவினர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன்.

அயர்லாந்தை இங்கிலாந்து எப்போது பிடித்தது?

ஒரே நாளில் நடந்த காரியமில்லை, நானூறு ஐநூறு வருடங்களுக்கு இழுத்தது. 1169-ல் நார்மன் பிரபுக்கள் வந்து இறங்கினார்கள். இரண்டு வருடம் கழித்து இரண்டாம் ஹென்றி மன்னரே வந்தார். ஆனால் அந்த நார்மன்கள் கொஞ்ச காலத்தில் ஐரிஷ் பேசி, ஐரிஷ் பெண்களைக் கட்டி, உள்ளூர்க்காரர்களாகவே ஆகிவிட்டார்கள். இதைத் தடுக்க 1366-ல் கில்கென்னியில் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. இன்று ஐரிஷ் பெயர் என்று நாம் நினைக்கும் ஃபிட்ஸ்ஜெரால்ட், பர்க் எல்லாம் அவர்கள் கொண்டு வந்த பெயர்கள்தான்.

உண்மையான அடி 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் விழுந்தது. 1541-ல் எட்டாம் ஹென்றி தன்னை அயர்லாந்தின் மன்னர் என்று அறிவித்துக்கொண்டார். 1601-ல் கின்சேல் போரில் வடக்கு அயர்லாந்தின் குறுநிலத் தலைவர்கள் தோற்றார்கள். 1607-ல் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன அல்ஸ்டர் நிலத்தில் 1609 முதல் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து புராட்டஸ்டன்ட் குடிகளைக் கொண்டுவந்து அமர்த்தினார்கள். 1641-ல் கத்தோலிக்க ஐரிஷ்காரர்களின் கிளர்ச்சி வெடித்தது. குடியேறியவர்களில் பல ஆயிரம் பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பழி தீர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு 1649-ல் இங்கிலாந்துப் படைத்தலைவர் ஆலிவர் குரோம்வெல் வந்து ட்ராஹெடாவிலும் வெக்ஸ்ஃபோர்டிலும் படுகொலை செய்தார். பிறகு 1690-ல் பாய்ன் போரில் கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸை புராட்டஸ்டன்ட் மன்னர் மூன்றாம் வில்லியம் தோற்கடித்தார். அடுத்த வருடத்தோடு கதை முடிந்தது.

படையெடுப்பு எல்லா நாட்டிலும்தான் நடந்தது. இதில் மட்டும் என்ன தனி?

பட்டா. மன்னர் மாறினாலும் உழுகிறவன் உழுதுகொண்டே இருப்பதுதான் பல நாடுகளில் நடந்தது. இங்கே நிலத்தின் உரிமையாளர்களையே மொத்தமாக மாற்றினார்கள். குரோம்வெல் படைக்குச் சம்பளம் கொடுக்கவும், போருக்குக் கடன் கொடுத்த லண்டன் வியாபாரிகளுக்குக் கணக்குத் தீர்க்கவும் ரொக்கம் இல்லை. அதனால் ஐரிஷ் நிலத்தைக் கொடுத்தார்கள். எவ்வளவு கொடுப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்காக வில்லியம் பெட்டி 1655, 1656-ல் பறிமுதல் நிலங்களைச் சங்கிலி பிடித்து அளந்து வரைபடம் போட்டார். அந்த வரைபடங்களை டப்ளின் ட்ரினிட்டி கல்லூரி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் 1641-ல் யார் சொந்தக்காரர், 1670-ல் யார் சொந்தக்காரர் என்று பார்க்கலாம். இரண்டு பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும், வேறு விளக்கம் தேவைப்படாது.

நிலம் இழந்த கத்தோலிக்க உடைமையாளர்களை ஷானன் ஆற்றுக்கு மேற்கே, பாறையும் சதுப்புமான கனாட் பகுதிக்குப் போகச் சொன்னார்கள். 1641-ல் அயர்லாந்து நிலத்தில் சுமார் 60 சதவீதம் கத்தோலிக்கர்களிடம் இருந்தது. 1703-ல் அது 14 சதவீதம்.

மீதி இருந்ததையும் கரைக்கச் சட்டம் வந்தது. 1704-ன் சட்டப்படி கத்தோலிக்கர் இறந்தால் நிலத்தை மகன்கள் அத்தனை பேருக்கும் சமமாகப் பங்கு போட வேண்டும். மூத்தவன் புராட்டஸ்டன்டாக மாறினால் மட்டும் முழுதும் அவனுக்கே. அண்ணன் தம்பிக்குள் சண்டை மூட்ட இதைவிடக் கச்சிதமான ஏற்பாடு வேறு இல்லை. ஐந்து பவுனுக்கு மேல் விலை போகும் குதிரை வைத்திருக்கக்கூடத் தடை இருந்தது. எல்லா ஊரிலும் எல்லாச் சட்டத்தையும் ஒரே கறாராக அமல்படுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் நிலம் கைமாறியது மாறியதுதான்.

கால்டுவெல் ஐரிஷ்காரர்தானே?

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய ராபர்ட் கால்டுவெல் 1814-ல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். சிறுவயதிலேயே குடும்பம் கிளாஸ்கோவுக்குத் திரும்பிவிட்டது. அவர் ஐரிஷ்காரரா என்று கேட்டால் அயர்லாந்திலேயே இரண்டு விதமான பதில் கிடைக்கும்.

அயர்லாந்தின் பெரும் பஞ்சம் உருளைக்கிழங்கு நோயால் வந்தது. அதற்கும் நில அபகரிப்புக்கும் என்ன சம்பந்தம்?

நோய் இயற்கை. ஒரு பூஞ்சை போன்ற கிருமி 1845-ல் வந்தது. பெல்ஜியம், நெதர்லாந்து எல்லாம் பாதிக்கப்பட்டன. ஆனால் வேறெங்கும் இவ்வளவு பேர் சாகவில்லை.

மேலே சொன்ன பட்டா விஷயத்தை இங்கே கொண்டுவந்து பாருங்கள். நிலம் பண்ணையாருக்கு, அவர் பல சமயம் இருப்பது லண்டனில். நடுவில் குத்தகைக்காரர், அவருக்குக் கீழே உள்குத்தகை, அதற்கும் கீழே ஒரு சின்னத் துண்டில் குடிசை போட்டவன். அவன் விளைவிக்கும் கோதுமையும் ஓட்ஸும் பன்றியும் குத்தகைக்குப் போய்விடும். வயிற்றுக்கு உருளைக்கிழங்கு மட்டும். கொஞ்ச நிலத்தில் ஒரு குடும்பத்தையே காப்பாற்றக்கூடிய பயிர் அது ஒன்றுதான். சுமார் 30 லட்சம் பேர் கிட்டத்தட்ட அதை மட்டுமே நம்பி இருந்தார்கள், அதுவும் பெரும்பாலும் லம்பர் என்ற ஒரே ரகத்தை.

பஞ்ச காலத்தில் தானியக் கப்பல்கள் வெளியே போனது உண்மை. 1847-ல் வெளியே போனதைவிட உள்ளே வந்த தானியம் அதிகம் என்பதும் உண்மை. வந்ததை வாங்க ஏழைகளிடம் காசு இல்லை. அந்தக் கோடையில் அரசு கஞ்சித் தொட்டி திறந்து ஒரு கட்டத்தில் தினமும் 30 லட்சம் பேருக்குக் கஞ்சி ஊற்றியது. முடியும் என்று காட்டிவிட்டு, செப்டம்பரோடு மூடிவிட்டார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது என்றும் அதே வருடம் சட்டம் போட்டார்கள். சோறு வேண்டுமா, நிலத்தை விடு. விட்டவர்களின் குடிசைக் கூரையைப் பண்ணையார் ஆட்கள் பிரித்துப் போட்டார்கள், திரும்பி வரக் கூடாது என்று.

மேயோ மாவட்டத்தில் டூலாக் என்ற ஏரிப் பாதை இருக்கிறது. 1849 மார்ச் கடைசியில், லூயிஸ்பர்க் ஊரில் நிவாரணம் வாங்கிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கானவர்களிடம், அதிகாரிகள் நேரில் பார்த்துச் சரிபார்க்க வேண்டும், டெல்ஃபி லாட்ஜுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அது ஏறக்குறைய 19 கிலோமீட்டர். மலையும் குளிர்காற்றும் உள்ள வழி, நடந்தவர்கள் எலும்பும் தோலுமாக இருந்தவர்கள். அதிகாரிகள் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லிக் காத்திருக்க வைத்தார்கள் என்பது ஊர் வழக்கு. கடைசியில் ஒன்றும் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். திரும்பும் வழியில் சாலையோரம் விழுந்து செத்தார்கள். எத்தனை பேர் என்பதில் அரசுப் பதிவுக்கும் ஊர் நினைவுக்கும் பெரிய இடைவெளி உண்டு. அங்கே இப்போது ஒரு கல் சிலுவை நிற்கிறது. அதில் காந்தியின் வாசகம் செதுக்கியிருக்கிறார்கள்: சக மனிதர்களை இழிவுபடுத்துவதில் மனிதர்களுக்கு எப்படிப் பெருமை வரும் என்று கேட்கும் வாசகம். வருடந்தோறும் மக்கள் அந்த வழியே நடக்கிறார்கள்.

1845 முதல் 1852 வரை சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். 1841-ல் தீவின் ஜனத்தொகை சுமார் 82 லட்சம். இன்று வடக்கு, தெற்கு இரண்டையும் கூட்டினாலும் 70 லட்சத்தைச் சற்றுத் தாண்டும். இன்னும் பழைய கணக்கை எட்டவில்லை.

பஞ்ச நிவாரணத்தைக் கவனித்த ட்ரெவெல்யன், நம் சென்னை கவர்னர் ட்ரெவெல்யன்தானா?

அவரேதான். சார்லஸ் ட்ரெவெல்யன் அப்போது லண்டன் கருவூலத்தில் உயர் அதிகாரி. நிவாரணப் பணத்தின் சாவி அவர் கையில் இருந்தது. சந்தை தானாகச் சரி செய்துகொள்ளும், அரசு கை வைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. பஞ்சத்தைக் கடவுளின் ஏற்பாடாகவும் பார்த்தார். 1848-ல் அவருக்கு சர் பட்டம் கொடுத்தார்கள். 1859-ல் மதறாஸ் கவர்னர் ஆனார். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் இருந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் முயற்சி. புது வருமான வரியைப் பகிரங்கமாக எதிர்த்ததால் 1860-ல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

அந்த வரி விஷயத்தில் மதறாஸ்காரர்களுக்கு அவர் நல்லவர். அயர்லாந்தில் இன்றும் மைதானத்தில் ரசிகர்கள் பாடும் ஒரு பாட்டில் அவர் பெயர் வசைப்பெயராக வருகிறது. இரண்டும் ஒரே ஆள்.

அப்போது வெளியிலிருந்து யாரும் உதவவில்லையா?

உதவினார்கள். முதலில் வந்த பெரிய நன்கொடைகளில் ஒன்று கல்கத்தாவிலிருந்து போனது. கம்பெனிப் படையின் ஐரிஷ் சிப்பாய்களும் மற்றவர்களும் சேர்ந்து திரட்டிய பணம். 1847-ல் அமெரிக்காவின் சாக்டா பழங்குடியினர் 170 டாலர் சேர்த்து அனுப்பினார்கள். அவர்களைச் சொந்த மண்ணிலிருந்து அரசு விரட்டி, வழியெல்லாம் ஆயிரக்கணக்கானவர்கள் செத்து, இருபது வருடம்கூட ஆகாத நேரம் அது. கார்க் மாவட்டத்தில் மிடில்டன் ஊர்ப் பூங்காவில் ஒன்பது பெரிய எஃகு இறகுகள் வட்டமாக நிற்பது அந்த நன்றிக்குத்தான். 2020-ல் கொரோனா சமயத்தில் நவஹோ, ஹோபி பழங்குடியினருக்கு நிதி திரட்டியபோது அயர்லாந்திலிருந்து பணம் கொட்டியது. நன்கொடைப் பக்கத்திலேயே பலர் 1847-ஐக் குறிப்பிட்டு எழுதினார்கள்.

ஐரிஷ் மொழி எப்படிப் பேச்சிலிருந்து போனது?

1831-ல் தேசியப் பள்ளிகள் வந்தன, ஆங்கிலத்தில் மட்டும். பல ஊர்களில் பிள்ளையின் கழுத்தில் கயிற்றில் ஒரு குச்சி தொங்கும். ஐரிஷில் பேசி மாட்டிக்கொண்டால் ஒவ்வொரு தடவைக்கும் குச்சியில் ஒரு வெட்டு. சாயங்காலம் வாத்தியார் வெட்டுகளை எண்ணி அத்தனை அடி கொடுப்பார். இதில் வயிற்றைப் பிசையும் விஷயம் என்ன தெரியுமா? வீட்டில் குச்சியில் வெட்டுப் போட்டது சில சமயம் பெற்றோரே. பிள்ளை எப்படியும் பாஸ்டனுக்கோ லிவர்பூலுக்கோ போக வேண்டும், ஐரிஷ் அங்கே சோறு போடாது என்று அவர்களுக்குத் தெரியும். பஞ்சத்தில் அதிகம் செத்ததும் போனதும் ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதி ஏழைகள்.

இப்போது அது நாட்டின் முதல் ஆட்சிமொழி. 2022 கணக்கெடுப்பில் தங்களுக்கு ஐரிஷ் தெரியும் என்று சொன்னவர்கள் சுமார் 18.7 லட்சம். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் சுமார் 72,000.

'ஐரிஷ்காரர்களும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்' என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

பாதி உண்மையை வைத்துக் கட்டிய முழுப் பொய். குரோம்வெல் காலத்தில் ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்து பார்படோஸுக்குக் கட்டாய ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பினார்கள். அது கொடுமைதான், பலர் அங்கேயே செத்தார்கள். ஆனால் ஒப்பந்தத்துக்கு ஒரு கெடு உண்டு, பிறக்கும் குழந்தை முதலாளியின் சொத்து ஆகாது. ஆப்பிரிக்கர்களுக்கு இரண்டுமே இல்லை. அமெரிக்காவில் கறுப்பினத்தவரின் வாயை அடைக்கத்தான் இந்தச் செய்தியைப் பரப்புகிறார்கள்.

கரீபியனில் மான்ட்செராட் என்று ஒரு சின்னத் தீவு. புனித பேட்ரிக் நாள் அங்கேயும் பொது விடுமுறை. 1768 மார்ச் 17-ல், முதலாளிகள் விழாவில் குடித்துக் கிடப்பார்கள் என்று கணக்குப் போட்டு அடிமைகள் ஒரு கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார்கள். திட்டம் கசிந்து பலர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த முதலாளிகளில் பலர் ஐரிஷ்காரர்கள். தீவில் இன்று ஐரிஷ் பெயர்களைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்.

அப்படியானால், அடிபட்டவர்களே இந்தியாவுக்கு வந்து அடித்தார்களா?

ஆமாம். எனக்கு இதுதான் தொண்டையில் நிற்கும் கேள்வி. 1825-க்கும் 1850-க்கும் இடையில் கம்பெனியின் வங்காளப் படையில் சேர்ந்த ஐரோப்பிய சிப்பாய்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஐரிஷ்காரர்கள். பசிக்குச் சம்பளம் கிடைத்தது, சேர்ந்தார்கள். மவுண்ட் ரோட்டில் நின்ற நீல் சிலையை அகற்றச் சொல்லி 1927-ல் சத்தியாகிரகம் நடந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். 1857-ல் அலகாபாத்தில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் கொன்ற நீல் ஸ்காட்லாந்துக்காரர். அவர் நடத்தியது மதறாஸ் ஃப்யூசிலியர்ஸ் படை. அந்தப் படைதான் 1881-ல் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் ஆனது. ஜாலியன்வாலா பாக் நடந்தபோது பஞ்சாபை ஆண்ட மைக்கேல் ஓ'டயர் டிப்பரெரி மாவட்டத்தில் பிறந்த கத்தோலிக்கர்.

மறுபக்கமும் உண்டு. 1920 ஜூன் மாதம் ஜலந்தரில் கனாட் ரேஞ்சர்ஸ் படையின் ஐரிஷ் சிப்பாய்கள், சொந்த ஊரில் பிரிட்டிஷ் படை செய்யும் அட்டூழியத்தைக் கேள்விப்பட்டு ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். கலகம் சோலனுக்கும் பரவியது. ஜேம்ஸ் டேலி என்ற இளைஞரை நவம்பர் 2-ஆம் தேதி டக்ஷாயில் சுட்டுக் கொன்றார்கள். மார்கரெட் கசின்ஸ் ராஸ்காமன் மாவட்டத்திலிருந்து வந்து அடையாறில் 1917-ல் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர்.

குடும்பக் கூட்டங்களில் பின்னால் சொன்ன இரண்டு பேரைப் பற்றி மட்டும் பெருமையாகப் பேசுவோம். ஆனால் எங்கள் பாட்டனார் டேலி இல்லை. அவர் சுடச் சொன்னால் சுட்டிருப்பார், பென்ஷன் வாங்கியிருப்பார். தாத்தாவின் 'ஐரிஷ்' என்ற திருத்தத்துக்குள் ஒரு தப்பித்தல் இருந்தது: நாங்கள் ஆண்ட கட்சி இல்லை என்று. அந்தச் சலுகையை நான் எடுத்துக்கொள்ளத் தயாரில்லை.

இந்தக் காயம் ரத்தத்தில் வருமா? மரபணுவில் பதிந்துவிட்டது என்கிறார்களே?

பஞ்சம் கர்ப்பிணிகளையும் பிறக்கும் குழந்தையையும் பாதிக்கும் என்பதற்கு நெதர்லாந்தின் 1944–45 பட்டினிக் காலத்தை வைத்து நல்ல ஆய்வுகள் உண்டு. அதை வைத்துக்கொண்டு ஆறாம் தலைமுறையில் எனக்கு வரும் மனச்சோர்வுக்கு குரோம்வெல்தான் காரணம் என்று சொல்வது ஜோசியம். காயம் தங்கியிருக்கும் இடங்களைக் கண்ணாலேயே பார்க்கலாம். அக்கில் தீவில் ஸ்லீவ்மோர் மலையடியில் கூரையில்லாத கல் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. சுற்றிலும் சரிவு முழுக்க உருளைக்கிழங்குப் பாத்திகளின் வரப்பு, புல்லுக்கு அடியில் இன்னும் மேடு மேடாகத் தெரியும். வெயில் சாய்ந்த நேரத்தில் பார்த்தால் நேற்றுக் கொத்திவிட்டது போல இருக்கும்.

எல்லாப் பழியையும் இங்கிலாந்து மேல் போட்டுவிடலாமா?

முடியாது. 1922-ல் சுதந்திர அரசு வந்த பிறகு, திருமணமாகாமல் கர்ப்பமான பெண்களைத் திருச்சபையும் அரசும் குடும்பங்களும் சேர்ந்தே விடுதிகளிலும் மக்தலேன் சலவைக்கூடங்களிலும் அடைத்தன. கடைசிச் சலவைக்கூடம் மூடியது 1996-ல். கால்வே மாவட்டம் டூவாமில் ஒரு விடுதியில் 796 குழந்தைகள் இறந்ததற்குப் பதிவு இருக்கிறது, புதைத்ததற்குப் பதிவு இல்லை. இதற்கு எந்த லண்டன் உத்தரவும் வரவில்லை.

வடக்கு அயர்லாந்தில் இப்போது அமைதிதானே?

1921-ல் நாட்டைப் பிரித்து வடக்கை பிரிட்டனோடு வைத்துக்கொண்டார்கள். 1968-க்குப் பிந்தைய முப்பது வருட மோதலில் சுமார் 3,500 பேர் செத்தார்கள். 1998 ஏப்ரல் 10-ல் சமாதான ஒப்பந்தம் ஆனது. துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தது பெரிய விஷயம். பெல்ஃபாஸ்டில் கத்தோலிக்கத் தெருவுக்கும் புராட்டஸ்டன்ட் தெருவுக்கும் நடுவே எழுப்பிய சுவர்கள் மட்டும் இன்னும் நிற்கின்றன, சில கதவுகளை இரவில் பூட்டுகிறார்கள். ஜூலை 12-ல் 1690 வெற்றிக்கு இன்றும் ஊர்வலம் போகிறது. இங்கே ஒன்றை மறக்கக் கூடாது: 1609-ல் குடியேறியவர்களின் வாரிசுகளுக்கும் அதுதான் சொந்த ஊர். நானூறு வருடம் கழித்து யாரையும் திரும்பிப் போ என்று சொல்ல முடியாது.

பிரிட்டன் மன்னிப்பு கேட்டதா?

1997-ல் பஞ்ச நினைவு நிகழ்ச்சி ஒன்றில், அன்று லண்டனில் ஆண்டவர்கள் தம் மக்களைக் கைவிட்டார்கள் என்று பிரதமர் டோனி பிளேர் பெயரில் ஓர் அறிக்கையை வாசித்தார்கள். அவரைத் தொடர்புகொள்ள முடியாமல் உதவியாளர்களே எழுதியது அது என்று 2021-ல் வெளியான அரசுக் கோப்புகளில் தெரிந்தது. 1972-ல் டெர்ரியில் ராணுவம் பொதுமக்களைச் சுட்டதற்கு 2010-ல் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் நேரடியாக மன்னிப்புக் கேட்டார். என் கணக்கில் இது ஒன்றுதான் மன்னிப்பு.

என் குடும்பத்திலும் ஐரிஷ் சிப்பாய் இருந்ததாகச் சொல்கிறார்கள். எங்கே தேடுவது?

முதலில் இந்தியப் பக்கம். மதறாஸ் மாகாண ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல்களை லண்டனுக்கு அனுப்பி வைத்தார்கள். அவை பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. ராணுவப் பதிவில் பிறந்த ஊர் இருந்தால் அதிர்ஷ்டம். 'அயர்லாந்து' என்று மட்டும் இருந்தால் கஷ்டம்; மாவட்டம், பங்கு (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி), அதற்குள் டவுன்லேண்ட் எனப்படும் குட்டி எல்லை வரை போக வேண்டும். தீவு முழுக்க அப்படி 60,000-க்கு மேல் உண்டு.

அங்கே பெரிய இடி ஒன்று காத்திருக்கும். 1922 ஜூன் 30-ல் உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து, 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி சாம்பலானது. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே ஏற்கெனவே அழித்திருந்தது. முழுதாகக் கிடைப்பவற்றில் மிகப் பழைய கணக்கெடுப்புகள் 1901, 1911. இரண்டும் இணையத்தில் இலவசம். கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளைத் தேசிய நூலகம் 2015-ல் வெளியிட்டது.

அடுத்து கிரிஃபித் வரி மதிப்பீடு, 1847 முதல் 1864 வரை. ஒவ்வொரு வரியிலும் குடியிருப்பவர் பெயர், பக்கத்துக் கட்டத்தில் நிலத்தை விட்டவர் பெயர், அப்புறம் வீடா நிலமா, எத்தனை ஏக்கர், வருட மதிப்பு எவ்வளவு. முதல் கட்டத்தில் பெயர்கள் மாறிக்கொண்டே வரும். இரண்டாம் கட்டத்தில் பக்கம் பக்கமாக ஒரே பிரபுவின் பெயர், 'மேற்படி', 'மேற்படி' என்று இறங்கும்.

கொள்ளுத்தாத்தா ஐரிஷ் என்றால் பாஸ்போர்ட் கிடைக்குமா?

பொதுவாகக் கிடைக்காது. பெற்றோரில் ஒருவர் அங்கே பிறந்த குடிமகன் என்றால் நீங்கள் ஏற்கெனவே குடிமகன். தாத்தா பாட்டியில் ஒருவர் தீவில் பிறந்திருந்தால், வடக்கானாலும் சரி தெற்கானாலும் சரி, வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயர் சேர்த்துக் குடியுரிமை வாங்கலாம். அதற்கு முந்தைய தலைமுறை என்றால், நீங்கள் பிறக்கும் முன்பே உங்கள் அப்பாவோ அம்மாவோ அந்தப் பதிவேட்டில் சேர்ந்திருக்க வேண்டும். டி.என்.ஏ. சோதனைக் காகிதத்தைக் காட்டி விண்ணப்பிக்க முடியாது. பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள் தலைமுறை விடாமல் வேண்டும்.